ஈரோட்டின் முதல் எழுத்து

இலத்தூர்க் குளக்கரை முடிந்து தென்காசி ரோட்டில் ஏறும்போது வெயில் சாய்ந்துவிட்டது. தோளில் துணிப்பை. அதில் ஒரு சட்டை, ஒரு வேட்டி, நான்கு பிரஷ். பஸ்ஸுக்கு நிற்கவில்லை. நின்றால் சாரும் வந்து சேர்ந்துகொள்வார், அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

எண்பதுகளின் கடைசி அது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கடைப் போர்டும் சுவர் விளம்பரமும் எழுதி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன். ஓர் ஊரில் வேலை கெட்டால் அடுத்த ஊர். சாப்பிடாமல் கிடந்த நாட்கள் உண்டு. அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

குற்றாலத்தில் சீசன் கடைகளுக்குப் போர்டு எழுதும்போதுதான் சார் பழக்கமானார். தென்காசிக்காரர். குடும்பம் எப்போதோ மெட்ராஸ் போய்விட்டது. அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கையோடு கொண்டுவந்த கம்ப்யூட்டருக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று குற்றாலத்தில் வீடு பிடித்து, இரண்டு மாத லீவில் வந்திருந்தார். சாரலில் காகிதமெல்லாம் நமத்துப்போகும் என்பதை அவர் யோசிக்கவில்லை. வீட்டுக்காரர் தினமும் வந்து எட்டிப் பார்ப்பார்.

"சார், டிவில போடுத ஞாயித்துக்கிழம படம் இதுல தெரியுமா?"

சார் செய்ய நினைத்தது இதுதான். இலத்தூரில் ஓர் ஓவியர் இருந்து இறந்துபோனார். முப்பது வருஷம் நாவல்களுக்கு அட்டை வரைந்தவர். தலைப்பையும் கையாலேயே எழுதுவார். அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி, யார் தட்டினாலும் அதே எழுத்து வரும்படி செய்ய வேண்டும். 'ஃபாண்ட்' என்பார் சார்.

சைக்கிளில் போய், பழைய நாவல் வைத்திருக்கும் வீடுகளைக் கண்டுபிடித்து, அட்டைமேல் பட்டர் பேப்பரை வைத்துப் பென்சிலால் பிரதி எடுத்து வருவது என் வேலை. பிறகு அதைக் கிராஃப் தாளில் பதித்து, கோட்டுக்குள் விழும் கட்டங்களைக் கறுப்பாக்குவோம். நான் "கறுப்பு, கறுப்பு, வெள்ளை" என்று வாசிப்பேன், அவர் தட்டுவார். எந்த எழுத்து எந்தப் புத்தகத்தில் கிடைத்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தார்.

ஓவியருக்கு ஒரே மகள். இலத்தூரில் மாவு மில் வைத்திருந்தார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். சம்மதக் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் சார் அந்த எழுத்தை வெளியே கொடுக்க முடியும். அவர் சொன்ன நிபந்தனை ஒன்றுதான்: வேறு கை படக்கூடாது. ஒரு பதிப்பாளர் மறுபதிப்பில் தலைப்பை யாரையோ வைத்து எழுதி, அதற்கடியில் அப்பாவின் இனிஷியலைப் போட்டுவிட்டாராம். அதற்குப் பிறகு அப்பா அந்தப் பதிப்பாளருக்கு வரையவே இல்லையாம்.

கிடைக்காத எழுத்துகளை ஓவியரின் மற்ற எழுத்துகளிலிருந்தே துண்டு எடுத்து ஒட்டிக்கொள்ள அக்கா சம்மதித்திருந்தார். 'ஈ' மட்டும் எதை ஒட்டியும் வரவில்லை. மூன்று வாரம் தேடினேன். ஈயில் தொடங்கும் தலைப்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "ஈரோட்டுக்காரன் எவனும் என்னைச் சும்மா விடமாட்டான்" என்று சார் சிரித்தார். ஆனாலும் முகம் வாடியிருந்தது. மறுநாள் ராயகிரி போய்வந்தேன். அங்கேயும் இல்லை. திரும்பும் வழியில் ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்து பட்டர் பேப்பரில் ஓர் ஈயை நானே எழுதினேன். பாதி கிழிந்த அட்டையில் கிடைத்தது, புத்தகத்தை வெளியே தரமாட்டார்களாம் என்று சாரிடம் சொன்னேன். சார் 'ராயகிரி, கிழிந்த அட்டை' என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அன்று எனக்கு இரண்டு பரோட்டா கூட வாங்கித் தந்தார்.

எல்லாம் முடிந்து தாள்களோடு அக்காவைப் பார்க்கப் போனோம். மில்லை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஆமா, இது அப்பா கை. இதுவுந்தான்."

ஈ வந்ததும் நின்றுவிட்டார்.

"இது எங்கன கிடைச்சுது?"

"ராயகிரில ஒரு வீட்ல" என்றார் சார்.

"இதுக்கு மட்டும் தல பெருசு, காலு குட்ட. ரோட்டுல நின்னு அண்ணாந்து பாக்கதுக்கு எழுதுன எழுத்துல்லா இது?"

உயரத்தில் இருக்கும் போர்டைக் கீழிருந்து பார்த்தால் எழுத்தின் மேல்பாதி சிறுத்துத் தெரியும். அதனால் தலையைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதுவோம். என்னைக் கேட்காமலே கை அதைச் செய்திருக்கிறது.

"அந்த வீடு எதுன்னு சொல்லுங்க சார். நாளைக்கே போயி பாத்துட்டு வருவோம்" என்றார் அக்கா.

"நான் எழுதுனது அக்கா" என்றேன். "இது ஒண்ணுதான். மிச்சமெல்லாம் அவங்க கை."

சார் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு எழுதுனவன் ஒம்பது எழுதலன்னு நான் எப்படி நம்புதது?" என்றார் அக்கா. "கோதும மாவுல ஒரு பிடி மைதாவக் கலந்துட்டு, மிச்சம் சுத்தம்னு சொல்லிப் பாரு. சாக்கோடல்லா திருப்பிக் குடுத்துருவாவ."

கடிதத்தை அப்படியே சார் பக்கம் நகர்த்தினார்.

"புஸ்தகம் பூரா இங்கன வரட்டும். அட்டையும் எழுத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கேன். அதுக்கப்புறம் கையெழுத்து."

"லீவு ஒன்பது நாள்தாம்மா இருக்கு" என்றார் சார்.

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்? இந்தத் தம்பிகிட்ட கேளுங்க."

அப்போதுதான், எங்கே போனாலும் கூடவே இருக்கும் பையை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினேன்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் படுத்துத் தூங்கினேன். காலையில் மதுரை பஸ் பிடிப்பதாகத்தான் இருந்தேன். டீ குடிக்கும்போது, சாரின் நோட்டில் புத்தகத்தின் பேர் மட்டும்தான் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. எந்தப் புத்தகம் எந்த வீட்டில் என்பது என் தலைக்குள்தான் இருந்தது. ஒன்பது நாளில் அவர் ஒரு வீட்டைக்கூடக் கண்டுபிடிக்க மாட்டார். மதுரை பஸ் கிளம்பிப் போனது. நான் குற்றாலம் நடந்தேன்.

சார் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயைக் கொப்பளித்தார்.

"எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"வீடெல்லாம் எனக்குத்தான் தெரியும் சார். இனிமே நான் பென்சிலத் தொடல. புஸ்தகத்த வாங்கி அக்கா முன்னால வைக்கேன். பாத்ததும் திருப்பிக் கொண்டுபோயி குடுத்துருதேன்."

"அந்த ஈ?"

"போற வீட்டுல எல்லாம் இன்னொரு தடவ கேக்கேன். இல்லன்னா, இல்லன்னே வந்து சொல்லுதேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு உள்ளே போய் சைக்கிள் சாவியையும், நனையாமல் சுற்ற ஒரு பாலிதீன் தாளையும் எடுத்துவந்தார்.

"சாப்பாடு போடுறேன். சம்பளம் அவங்க கையெழுத்துப் போட்டப்புறம்."

"சரி சார்."

அச்சன்புதூரில் மட்டும் மூன்று வீடுகள், ஏழு புத்தகங்கள். அங்கிருந்து தொடங்குவதென்று சைக்கிளை எடுத்தேன்.