ஜன்னலோர மேசையில் ஆள் இல்லை

இன்று எங்கள் சால்ட் லேக் அலுவலகத்தில் மேசைகளுக்கு அடியில் சென்சார் பொருத்தினார்கள். அடிக்கடி காலியாகக் காட்டும் மேசை வேறொருவருக்குப் போய்விடும். எனக்கு என் ஜன்னலோர மேசை வேண்டும். ஆனால் நான் அங்கே இருப்பதை யாரும் கவனிக்கவும் கூடாது.

"இது ஆபீஸ் வைஃபையிலயா போகும்?" என்று கேட்டேன்.

"இல்ல தீதி, தனி நெட்வொர்க். என்க்ரிப்ட் பண்ணித்தான் போகும். உங்க பேரே போகாது, ஆள் இருக்கா இல்லையான்னு மட்டும்தான்," என்றார் பொருத்த வந்த வங்காளி இளைஞர். "உக்காருங்க, டெஸ்ட் பண்ணலாம்."

உட்கார்ந்தேன். வெளியே ஒரு மேகம் மெல்ல நகர்ந்தது. நானும் அதன் கூடவே போய்விட்டேன்.

"தீதி, கொஞ்சம் அசைங்க! காலின்னு காட்டுது."

அது சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. மேசையைக் காப்பாற்ற இனி காலாட்டிக்கொண்டே கனவு காண வேண்டும். உங்களில் யாருக்காவது அது வருமா?