வலது கை பற்றி ஷாமிளா எழுதிவைத்தது

தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர் தோட்டம் ஒன்றில் ஷாமிளாவுக்கு இரண்டு பெயர். சம்பளப் பட்டியலில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளக்காம்பராவின் பொறுப்பாளர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் சி.ஐ.டி. அக்கா.

இரண்டாவது பெயர் சும்மா வரவில்லை. விடிந்ததும் இறப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும்போது, ஒருத்தியையும் அவள் அப்படியே போக விடமாட்டாள். பிள்ளையின் சட்டையைக் கழற்றுவாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பாள். கொசுக்கடி, கீறல், நகக்காயம், எல்லாம் தேதியோடு ஒரு தடித்த கொப்பியில் ஏறும். தாய் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வாளியைத் தூக்கலாம்.

"என்னக்கா, புள்ளைய ஜெயில்லயா போடுறீங்க?" என்று கேட்பார்கள்.

"சாயங்காலம் வந்து கீறல் எப்படி வந்துச்சுன்னு நீ என்கிட்ட கேப்ப. போடு கையெழுத்த."

ஆறு வருடத்துக்கு முன் ஒரு பையன் வீட்டில் விழுந்து முழங்கை வீங்கியது. பழி ஷாமிளா மேல் வந்தது. ஒரு மாதம் வேலை இல்லை. உண்மை தெரிந்த பிறகு வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். யாரும் வாய் திறந்து மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று வாங்கியது முதல் கொப்பி. இப்போது நாலாவது ஓடுகிறது.

பெப்ரவரியில் மேனகா தன் மகள் தஷ்விகாவைக் கொண்டுவந்தாள். பிரசவத்துக்குக் குருவிட்டப் பக்கம் தாய் வீட்டுக்குப் போய், அங்கேயே இருந்துவிட்டு, அப்போதுதான் திரும்பியிருந்தாள். ஆறு மாதக் குழந்தை என்றாள். ஷாமிளாவுக்கு அங்கேயே உறுத்தியது. ஆறு மாதம் என்றால் சதை எங்கே? மொட்டையடித்த தலை பக்கவாட்டில் ஒடுங்கி நீண்டிருந்தது.

"கிளினிக் புத்தகம் எங்க?"

மேனகா புத்தகத்தைக் கொடுக்கவில்லை. தானே விரித்து, தடுப்பூசிப் பக்கத்தை மட்டும் காட்டினாள். "எல்லா ஊசியும் போட்டாச்சுக்கா." புத்தகம் திரும்பப் பைக்குள் போனது.

அன்று கொப்பியில் ஏறியது இது: 'வலது கை மூடியே இருக்கு. பெருவிரல் உள்ளே. காயம் இல்லை.' மேனகா வாசிக்காமலே கையெழுத்துப் போட்டாள். யாருமே வாசிப்பதில்லை.

வாரங்கள் போயின. தஷ்விகா எதையும் இடது கையால்தான் பிடித்தாள். தகப்பன் பிரதீபனுக்கு அதில் பெருமை. "நம்ம தோட்டத்து டீமுக்கு இடது கைப் பந்துவீச்சாளர் கிடைச்சாச்சு!" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். ஷாமிளா அவன் கைகளைப் பார்ப்பாள். சம்பள நாளில் குடிக்கிறவன். பிள்ளையின் வலது தோளை முறுக்கியிருப்பானோ?

அன்றிலிருந்து தோளை அமுக்கிப் பார்த்தாள். பிள்ளை அழவில்லை. வீக்கமும் இல்லை. யோகட் கப்புக்குள் இறப்பர் கொட்டைகளைப் போட்டு, வாயை டேப்பால் ஒட்டி ஒரு கிலுகிலுப்பை செய்தாள். வலது பக்கம் ஆட்டினால் பிள்ளை இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து பிடித்தது. இடது கையை மெல்லப் பிடித்துக்கொண்டால், வலது கை மடங்கியபடி கொஞ்சம் எழும்பி, முஷ்டியாகவே நின்றது. பிறகு அழுகை. எல்லாம் கொப்பியில் ஏறியது. 'காயம் இல்லை' என்று ஒவ்வொரு பதிவும் முடிந்தது. ஆனால் அவள் வாய் திறக்கவில்லை. சொன்னால், எங்கே நடந்தது என்று கேள்வி வரும். இங்கேதான் நடந்தது என்று பதிலும் அவர்களே சொல்வார்கள்.

மே மாதம் எடை பார்க்க ஆட்கள் வருவதாகத் தகவல் வந்தது. முதல் நாளே எல்லாக் கிளினிக் புத்தகங்களையும் வாங்கி வைக்க வேண்டும். மேனகாவும் வேறு வழியில்லாமல் கொடுத்தாள். பிள்ளைகள் மத்தியானம் தூங்கும்போது ஷாமிளா அதை விரித்தாள். நடுவில் இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. மேலே மாரியம்மன் படம்.

சாமி படத்தைக் கிழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. தாளை ஜன்னலில் பிடித்தாள். வெளிச்சத்தில் எழுத்துகள் தெரிந்தன. இருபத்தொன்பது வாரம். எடை ஒரு கிலோ நூறு கிராம். அதற்குக் கீழே கிறுக்கலான ஆங்கிலத்தில் ஒரு வரி. மூளை, இடது பக்கம், இரத்தம் என்ற மூன்று சொற்களை மட்டும் அவளால் பிரித்தெடுக்க முடிந்தது. பிறகு, திரும்ப வர வேண்டிய மூன்று தேதிகள். மூன்றுமே போய்விட்டிருந்தன.

சாயங்காலம் மேனகாவும் பிரதீபனும் சேர்ந்து வந்தார்கள். ஷாமிளா கதவைச் சாத்தினாள்.

"புள்ளைக்கு வலது கை விளங்கல. உனக்குத் தெரியுமா மேனகா?"

பிரதீபன் முந்திக்கொண்டான். "கீழ போட்டுட்டீங்களா?"

அந்தக் கேள்விக்காகத்தான் ஷாமிளா ஆறு வருடம் காத்திருந்தாள். கொப்பியை எடுத்து முதல் பதிவை அவன் முன்னால் விரித்தாள். "வந்த முதல் நாள். பாரு. உன் பொஞ்சாதி கையெழுத்து. வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு. இப்ப சொல்லு, யாரு போட்டா?"

மேனகா கொப்பியை இழுத்துக்கொண்டாள். முதல் தடவையாக வாசித்தாள். ஒரு தாளைப் புரட்டினாள். இன்னொன்று. விரலால் தேதிகளைத் தொட்டுக்கொண்டே போனாள்.

"இந்தக் கையப் பத்திப் பதினோரு நாள் எழுதியிருக்கீங்க," என்றாள். "மூணு மாசமா பாத்துக்கிட்டேயா இருந்தீங்க?"

"காயம் இருக்கான்னு பாத்தேன்."

"காயமா? அப்ப நாங்க அடிச்சோம்னு நெனச்சீங்களா?"

"நீ மட்டும்? தாள ஒட்டி வச்சு என்னைய ஏமாத்தலியா?"

மேனகா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை ஒன்றரை மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்ததையும், தலைக்குள் இரத்தம் கசிந்தது ஸ்கேனில் தெரிந்ததையும் சொன்னாள். அடுத்த ஸ்கேனில் இரத்தம் வற்றிவிட்டது என்றார்கள். வேண்டுதல் பலித்துவிட்டது என்று மொட்டை போட்டு நேர்த்தியை முடித்தாயிற்று.

"அதுக்கப்புறமும் புள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா சாமிய சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்னு பயந்தேங்க்கா. அதான் படத்த ஒட்டுனேன்."

"ஆஸ்பத்திரியில தேதி போட்டுக் குடுத்தது சாமிக்குத் தெரியாமலா?"

"நான் தோட்டத்துத் தொரைகிட்ட சொல்லத்தான் போறேன்," என்றான் பிரதீபன். "தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தீங்கன்னு."

"சொல்லு. தொரை எங்கயும் ஓடிட மாட்டாரு. புள்ளைக்குத்தான் மாசம் ஓடுது. மொத ஆஸ்பத்திரிக்குப் போ."

திங்கட்கிழமை அவிசாவளை பஸ்ஸில் மூன்று பேரும் பிள்ளையோடு போனார்கள். ஷாமிளா ஒரு நாள் லீவு போட்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. இவர்கள் உண்மையிலேயே போவார்களா என்று அவளுக்குச் சந்தேகம். கொப்பி மடியில் இருந்தது.

டாக்டர் பார்த்துவிட்டுப் பயிற்சிப் பகுதிக்கு அனுப்பினார். அங்கே ஸாஹிரா என்ற பெண் பிள்ளையைப் பாயில் படுக்க வைத்து நெடுநேரம் விளையாட்டுக் காட்டினாள். பிறகு விரல் விட்டு எண்ணினாள்.

"இவங்க பொறக்க வேண்டிய தேதியிலருந்து கணக்குப் பார்க்கணும். அப்ப இவங்களுக்கு ஒன்பது மாசம் இல்ல, ஆறரைதான். இன்னும் உட்காரலியேன்னு இப்பவே பயப்பட வேணாம். ஆனா கை வேற விஷயம். இந்த வயசுல எந்தப் புள்ளையும் ஒரு கையை மட்டும் தெரிஞ்செடுக்காது. மூளையில இடது பக்கம் அடிபட்டா வலது கைதான் பின்தங்கும்."

பந்துவீச்சாளர் என்று சொன்னவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

ஸாஹிரா கொப்பியை வாங்கிப் புரட்டினாள். "யார் எழுதினது இது?"

"நான்தாங்க மிஸ். எனக்காக எழுதினது. புள்ளைக்காக இல்ல," என்றாள் ஷாமிளா.

"யாருக்காக எழுதினாலும் தேதி இருக்கு. முந்தியே கொண்டுவந்திருந்தா இன்னும் நல்லது."

"நடப்பாளா?" என்று மேனகா கேட்டாள்.

"இப்பவே நடப்பாள்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நடக்கமாட்டாள்னு சொன்னாலும் நம்பாதீங்க. மூளை இன்னும் வளருது. அந்தக் கைக்கு இப்பவே வேலை குடுங்க."

வேலை இதுதான்: தினமும் அரை மணி நேரம் நல்ல கைக்கு ஒரு துணி உறை போட வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், வலது கையை விளையாட்டுக்கு இழுக்க வேண்டும். ஷாமிளா ஒரு பழைய காலுறையைத் துவைத்து எடுத்தாள்.

மூன்றாம் நாளே ஜன்னலில் ஒரு முகம். "ஐயோ, புள்ள கையக் கட்டிப் போட்டுட்டாங்க!" பேச்சு மேட்டு லயம்வரை போனது. முன்பென்றால் ஷாமிளா கதவைச் சாத்திவிட்டுக் கொப்பியை எடுத்திருப்பாள். இந்தத் தடவை வந்தவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, அரை மணி நேரமும் கிலுகிலுப்பையை அவள் கையிலேயே கொடுத்து ஆட்டவிட்டாள்.

மழையால் பால் வெட்டு நின்ற ஒரு ஜூலை நாளில் மேனகா முன்னதாகவே வந்தாள். ஷாமிளா கொப்பியை நீட்டாமல், தானே வாசித்தாள். இப்போதெல்லாம் எல்லாத் தாய்மாருக்கும் அப்படித்தான் வாசித்துக் காட்டுகிறாள்.

"வலது கை திறந்துச்சு. கப்பைத் தொட்டுச்சு. மூணு எண்ணுற வரைக்கும் பிடிச்சிருந்துச்சு. பிறகு விழுந்துச்சு."

மேனகா அவள் முகத்தையே பார்த்தாள். "நெசமாவாக்கா? இல்ல, என் மனசு ஆறட்டும்னு எழுதுனீங்களா?"

ஷாமிளாவுக்குக் கோபம் வரவில்லை. காலுறையை எடுத்து மேனகாவின் கையில் வைத்தாள்.

"என்னை நம்பாத. நீயே மாட்டு. நீயே எண்ணு."