இஸ்பேட் ராணிக்குப் பதில் மாதா

மகள் வாங்கித் தந்த, பலன் பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டை இன்று காலைதான் பிரித்தேன். கூடவே ஒரு சின்னப் புத்தகம். தினம் ஒரு சீட்டை எடுத்துப் பழகினால் மனம் பக்குவப்படுமாம்.

முதல் சீட்டிலேயே கடலோரம் ஒரு ராணி உட்கார்ந்திருந்தாள்.

புயலுக்கு முந்தைய தனுஷ்கோடி ஞாபகம் வந்துவிட்டது.

காற்று பலத்து வள்ளங்கள் கடலில் இறங்காத நாட்களில் அய்யாவும் கூட்டாளிகளும் மணலில் உட்கார்ந்து ரம்மி ஆடுவார்கள். இஸ்பேட் ராணி எப்போதோ தொலைந்துபோனதால், வேளாங்கண்ணி மாதா படம் ஒன்றை அதே அளவுக்கு வெட்டிச் சேர்த்திருந்தார்கள்.

மாதாவைப் போய் யார் மணலில் கழித்துப் போடுவது? அந்தச் சீட்டு யார் கைக்கு வந்ததோ அவர் கடைசி வரை வைத்திருந்து தோற்பார்.

"இன்னைக்கும் தோத்துட்டீகளா?" என்று அம்மா கேட்பாள்.

"மாதா என் கையிலதானே இருந்தாக. காத்து அடங்கட்டும், மொத ஆளா நாந்தான் கடலுக்குப் போவேன்" என்பார் அய்யா, ஜெயித்த முகத்தோடு.

ராணிக்கு என்ன பலன் என்று புத்தகத்தைப் பார்த்தேன். 'பிடித்து வைத்திருப்பதை விட்டுவிடுங்கள்' என்று போட்டிருந்தது.

எனக்கு மனம் வரவில்லை. ராணியை எடுத்து என் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

ஒரு சீட்டு குறைகிறதே என்று மகள் கேட்பாள். அந்த இடத்துக்கு எந்தப் படத்தை வெட்டி வைக்கலாம், சொல்லுங்கள்.