பூப்பாறைக்குப் போய்த் திரும்பி வந்த பந்தய பைக்

மதுரையிலிருந்து போடிக்கு ரயிலில் போக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. போன வருடம் வைகாசி கடைசியில்தான் அது கைகூடியது. கல்லூரித் தோழன் சரவணனுக்கு போன் செய்தேன். "வா மாப்ளே, நானும் தேவியும் சனிக்கிழமை பூப்பாறைக்குப் போறோம். பைக்கை விக்கிற சோலி இருக்கு. மலையையும் பாத்த மாதிரி ஆச்சு" என்றான்.

மதுரையிலிருந்து காலை ரயில். சுமார் தொண்ணூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம்தான். இடது பக்கமோ வலது பக்கமோ, ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். தேனி தாண்டியதும் மலை ரயிலுக்குக் கூடவே வருகிறது.

சரவணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்த ஊர் ராசிங்காபுரம். எஸ்டேட்டுகளிலிருந்து ஏலக்காய் மூட்டைகளை போடிக்குக் கொண்டுவரும் பிக்கப் வேன் வைத்திருக்கிறான். அது பிழைப்பு. மற்றபடி அவன் பைக் பந்தய வீரன். பங்காகக் கிடைத்த ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பை விற்றுத்தான் பந்தய பைக், தோல் உடுப்பு, டயர், கோயம்புத்தூர் டிராக் கட்டணம் எல்லாம். தோப்பை விற்றதிலிருந்து அவன் அண்ணன் அவனோடு பேசுவதில்லை. மூன்று வருடத்தில் பரிசுக் காசு என்று வந்தது பெட்ரோலுக்குக்கூடக் காணாது.

இப்போது ஒரு பந்தய அணி அவனைச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தது. வண்டியும் மெக்கானிக்கும் அவர்கள் பொறுப்பு. செலவில் ஒரு பங்கை மட்டும் மாத முடிவுக்குள் இவன் கட்ட வேண்டும். அதற்கு அவன் கையில் ஒரு லட்சத்து இருபதாயிரம் குறைந்தது. அதற்காகத்தான் தன் பைக்கை விற்கக் கிளம்பினான். பூப்பாறையில் ஒரு எஸ்டேட்காரரின் மகன் வாங்குவதாகச் சொல்லியிருந்தான்.

வேனின் பின்னால் பைக்கைக் கயிறு போட்டு இறுக்கிவிட்டு, முன்னால் சரவணனும் அவன் மனைவி தேவியும் நானும் நெருக்கி உட்கார்ந்தோம். போடியிலிருந்து முந்தல் வரை சமதளம். பிறகு ஏற்றம். போடிமெட்டு வரை மொத்தம் இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். பந்தய வீரன் ஓட்டுகிறானே என்று நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். எதிரே ஜீப் வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட்டான்.

"என்ன, இம்புட்டு மெதுவா?" என்றேன்.

"இது ரோடு மாப்ளே" என்றான், அதற்கு மேல் விளக்காமல்.

கீழே பார்த்தால் போடி ஊரே சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தது. நான் அவனிடம் நேராகவே கேட்டேன்: இத்தனையும் எதற்கு?

அடுத்த வளைவுக்குக் கியரைக் குறைத்தான். "வளைவுக்கு முன்னாடி பிரேக்கை விடுற இடம்னு ஒண்ணு இருக்கு. அது சரியா அமைஞ்சிருச்சுன்னா, அந்த நேரத்துல வேற எதுவும் வேணும்னு தோணாது."

"வீட்டுல இருக்கும்போது நெறைய தோணும்" என்றாள் தேவி. மூவரும் சிரித்தோம்.

கேரள எல்லையில் போடிமெட்டு சோதனைச் சாவடியில் காவலர் பைக்கைச் சுற்றி வந்தார். "நம்பர் எங்கே?"

"ரேஸ் வண்டி சார். ரோட்டுல ஓடாது."

"ஓடாத வண்டியை எதுக்கு இத்தனை கயிறு போட்டுக் கட்டியிருக்கே?"

பில்லைக் காட்டியதும் விட்டார். அங்கிருந்து பூப்பாறை பத்துப் பதினோரு கிலோமீட்டர். இருபுறமும் ஏலச் செடிகள், நடுவே மழை தூறிக்கொண்டிருந்தது.

வாங்க வந்தவனுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். பணத்தைப் பையில் கொண்டுவந்திருந்தான். பைக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "சேட்டா, ஒரே ஒரு ரவுண்டு. பாலம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"முடியாது தம்பி. இது பந்தய டயரு. காஞ்ச டிராக்குல சூடானாத்தான் பிடிக்கும். இந்த ஈரத்துல வழுக்கும். லைட்டு கிடையாது, ரிஜிஸ்டர் பண்ணாத வண்டி. கோயம்புத்தூர் வா, டிராக்குல ஓட்டிப் பாரு."

"காசு குடுக்கறவன் ஓட்டிப் பாக்கக் கூடாதா?"

நியாயமான கேள்விதான். சரவணன் தேவியைப் பார்த்தான். அவன் அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்ட ஆரம்பித்தான். அந்தப் பையன் கோபமாகப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அவனுக்கு அணியில் ஒரு வருடம் கிடைத்திருக்கும்.

திரும்பும்போது போடிமெட்டில் டீக்கடை ஓரம் நிறுத்தினோம். பனி இறங்கி, நிறுத்திய வேனே மங்கலாகத் தெரிந்தது. தேவி சரவணனிடம் சொன்னாள்.

"கடைக்கு அட்வான்ஸுன்னு வச்சிருக்கேன்ல, அதைக் கட்டிருங்க."

அவள் வீட்டிலேயே துணி தைக்கிறாள். போடி பஸ் நிலையம் பக்கம் ஒரு கடை பிடிப்பதற்காக நாலு வருடமாகச் சேர்த்த பணம் அது.

"வேணாம் தேவி. அது உன் காசு."

"என் காசுன்னா, எங்க போடணும்னு நான்தான சொல்லணும்? ஆனா ஒண்ணு. வருசக் கடைசியில இன்னும் முன்னேறுவீங்களா, இதோட சரியான்னு எங்கிட்ட உள்ளதைச் சொல்லணும். நான் கேக்க மாட்டேன். நீங்களா சொல்லணும்."

அவன் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். பிறகு தலையாட்டினான். என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க சாட்சி" என்றாள் தேவி.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். போடியிலிருந்து பஸ், ஜீப் இரண்டும் கிடைக்கும். ஜீப்பில் ஆள் சேர்ந்தால்தான் கிளம்புவார்கள். கட்டணத்தை ஏறும்முன் பேசிக்கொள்ளுங்கள். கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். பைக்கில் போகிறவர்கள் மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். பனி வந்துவிட்டால் வளைவு கிட்டே வந்த பிறகுதான் தெரியும். அந்தச் சாலையில் வேகம் காட்டுகிற இளைஞர்களைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒரே பந்தய வீரன் அங்கே மூன்றாவது கியருக்கு மேல் போகவில்லை.

அந்த வருடம் சரவணன் அணிக்காக ஓட்டினான். முதல் பந்தயத்தில் விழுந்து தோள்பட்டை வீங்கியது. அடுத்ததில் பதினோராவது இடம். கடைசிப் பந்தயத்தில் ஐந்தாவது. மேடையில் ஏற மூன்று பேருக்குத்தான் இடம். அவன் பைக்கைக் கோயம்புத்தூரில் ஒருவர், டிராக்கில் ஓட்டிப் பார்த்து, குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டார்.

மார்கழியில் நான் ராசிங்காபுரம் போயிருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அவனாகவே ஆரம்பித்தான்.

"தேவி, முன்னாடி போறவனுக்கும் எனக்கும் ஒரு சுத்துக்கு ஒரு செகண்டு வித்தியாசம் இருக்கு. கொறைக்க முடியும்னுதான் தோணுது. ஆனா நிச்சயமாச் சொல்ல முடியல."

அவள் அவன் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நிச்சயம்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்." ரசச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "பைக்கு வித்த காசு கடைக்கு. அது மொதல்ல. அடுத்த வருசத்துக்கு நீங்க லோடு அடிச்சுச் சேத்துக்கோங்க. எவ்வளவு சேருதோ அவ்வளவுக்கு ரேஸ் ஓட்டுங்க" என்றாள்.

மறுநாள் விடிவதற்குள் அவன் எஸ்டேட்டுக்குக் கிளம்பிவிட்டான். அன்றைக்கு இரண்டு லோடு.