கைதட்டல் வாங்கிய மொழிபெயர்ப்பு

போன சனிக்கிழமை ஒரு பெண்ணின் கைத்தொலைபேசிச் செய்தியில் காற்புள்ளி போட்டுக் கொடுத்தேன். ஒரே ஒரு காற்புள்ளி.

இந்த வாரப் பத்தியில் அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வேறு ஏதாவது எழுதலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன்... கை வரவில்லை.

சிங்கப்பூரின் தேக்காவில் நான் வழக்கமாகக் கோப்பி குடிக்கும் கடை. "அங்கிள், என்னைத் தெரியுதா?" என்று கேட்டபடி எதிரில் வந்து உட்கார்ந்தாள் நிவேதா. போன மாதம் ஒரு சமூக மன்றத்தில், சொந்தத் தொழில் தொடங்கிய இளையர்களுக்காக ஒரு கூட்டம் நடந்தது. தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் வந்து பேசுவார்கள். இளையர்கள் கேள்வி கேட்பார்கள். நான் மொழிபெயர்க்கப் போயிருந்த அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவள்.

அவள் தொழில் புடவை. மடிப்பு எடுத்து, தைத்து, பாவாடை போல மாட்டிக்கொள்ளும்படி தயார் செய்து வீட்டுக்கே அனுப்புகிறாள். கூடப் படித்த ரூபாவும் அவளும் சேர்ந்து புக்கிட் பாத்தோக்கில் நிவேதாவின் வீட்டில் ஆரம்பித்தது. நிவேதாவில் முதல் எழுத்து, ரூபாவில் முழுசு – கடைக்கு ‘நிரூபா’ என்று பெயர்.

"ரூபாவ அனுப்பிடலாம்னு முடிவு பண்ணிட்டேன் அங்கிள்" என்றாள்.

"ஏன்?"

"எதுவும் டைமுக்கு நடக்கல. கஸ்டமர் மெசேஜ் போட்டா ரெண்டு நாள் கழிச்சு சாரின்னு ஒரு பூ போட்டு அனுப்புறா. ஆறு மாசமா யோசிச்சேன், மனசு வரல. உங்க செஷன்லதான் தைரியம் வந்துச்சு. அந்த துணிக்கடை பாய் சொன்னார்ல... ஐ லெட் ஹிம் கோ. ஒன்லி தென் த பிஸ்னஸ் க்ரூ." கைத்தொலைபேசியைத் திருப்பிக் காட்டினாள். அந்த வரியையே அழகான எழுத்தில் வால்பேப்பராக வைத்திருந்தாள்.

பாய் அதைச் சொல்லவில்லை. நான் சொன்னது அது.

"நாளைக்கு ஆர்டர் நிறைய இருக்கு, அவ வேணும். திங்கக்கிழமை காலையில மெசேஜ் அனுப்பிடுவேன். நேர்ல சொன்னா அழுவா. பேரு மட்டும் மாத்தப் போறதில்ல, அங்கிள். பிராண்ட் ஆயிடுச்சுலா."

பிறகு அந்தச் செய்தியைக் காட்டினாள். "உங்க இங்கிலீஷ் சூப்பர். ஒரு வாட்டி பாத்துக் குடுங்களேன்."

‘ஆஃப்டர் மச் தாட் ஐ ஹேவ் டு லெட் யூ கோ’ என்று இருந்தது. ‘தாட்’டுக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி போட்டேன். திருப்பிக் கொடுத்தேன். "குட் லக்" என்றேன்.

அவள் போன பிறகு கோப்பி ஆறிக் கிடந்தது. நான் செய்த காரியத்தை இப்போது முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்த பாய், ஹமீது பாய். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் துணிக்கடை வைத்திருப்பவர். சின்ன வயதில் கப்பலில் வந்தவர். தமிழும் மலாயும் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலம் விலை சொல்லும் அளவுக்கு. கூட்டத்துக்குச் சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள் என்பதால், பாய் தமிழில் பேச நான் ஆங்கிலத்தில் சொல்வதாக ஏற்பாடு. அரசாங்க வேலையில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சொல்லுக்குச் சொல் சரியாக இருக்க வேண்டும் என்று எனக்குக் கீழே இருந்தவர்களை நிறைய வதைத்திருக்கிறேன்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் பாயின் கடையில் உட்கார்ந்து பேசினோம். அவர் சொல்லப்போவது எனக்கு முன்கூட்டியே தெரிந்தால் நல்லது அல்லவா? அப்போதுதான் தம்பி யூசுப்பைப் பற்றிச் சொன்னார்.

இருவரும் சேர்ந்துதான் கடையை ஆரம்பித்திருக்கிறார்கள். யூசுப் வாடிக்கையாளர் முகம் பார்த்து விலையைக் குறைத்துவிடுவார். என்ன சரக்கு இருக்கிறது, என்ன தீர்ந்தது என்பது நினைவில் நிற்காது. கடை தள்ளாட ஆரம்பித்ததும், "நீ கொஞ்ச நாள் ஊர்ல இரு" என்று பாய் சொல்லிவிட்டார். "சரி காக்கா" என்றாராம் தம்பி. அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் அழைப்பார்கள். புறப்படும் நாளில் பையோடு கடை வாசலில் வந்து நின்றிருக்கிறார். பாய் ஒரு வாடிக்கையாளருக்குத் துணி அளந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் கையை மட்டும் ஆட்டினார்.

அவ்வளவுதான் விடைகொடுப்பு.

"கடை நிமிந்ததும் கூப்பிடலாம்னு இருந்தேன் சார். அப்பறம், பெருநாள் போகட்டும்னு இருந்தேன். இப்படியே தள்ளிப் போச்சு. ஒருநாள் போன்ல சாவுச் சேதி வந்துச்சு, மௌத்தாயிட்டான்னு. தம்பிய விட்டுட்டேன் சார்." சொல்லிவிட்டு மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

அந்த ‘விட்டுட்டேன்’ எனக்குப் புரிந்தது. அது உங்களுக்கும் புரியும். கையில் பிடித்திருந்த குழந்தையைக் கூட்டத்தில் தவறவிட்டவன் சொல்லும் ‘விட்டுட்டேன்’.

கூட்டத்தன்று ஒரு பையன் எழுந்து கேட்டான்: தலைவராக நீங்கள் எடுத்த மிகக் கஷ்டமான முடிவு எது? நான் தமிழில் கேட்டேன். பாய் மைக்கை வாங்கினார். பிறகு மெல்ல, "தம்பிய விட்டுட்டேன். அதுக்கப்புறம்தான் கடை பெருசாச்சு" என்றார்.

ஐ லெட் ஹிம் கோ. ஒன்லி தென் த பிஸ்னஸ் க்ரூ.

சொல்லுக்குச் சொல் சரி. பரீட்சையில் முழு மதிப்பெண். ஆனால் அலுவலக ஆங்கிலத்தில் ஆளை வேலையை விட்டு அனுப்புவதற்கு நாகரிகமான பெயர் அது. சொந்தத் தம்பியையே அனுப்பிவிட்டுக் கடையை வளர்த்த இரும்பு மனிதர் – அப்படித்தான் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது. கைதட்டல் எழுந்தது. பலத்த கைதட்டல். தட்டிக்கொண்டே சிலர் எழுதிக்கொண்டார்கள்... இரண்டும் எப்படி ஒன்றாக முடிந்தது என்று தெரியவில்லை.

தவறு நடந்துவிட்டது என்பது அந்தக் கணமே எனக்குத் தெரியும். இதை மறதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால் சரியாகியிருக்கும். சொல்லவில்லை. அந்தக் கைதட்டலில் என் ஆங்கிலத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று உள்ளே ஒருவன் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தான். எழுபதைத் தாண்டிய பிறகும் அவனுக்குப் பசி அடங்கவில்லை.

பாய் என் பக்கம் சாய்ந்து, "ஏன் சார் கை தட்டுறாங்க?" என்று கேட்டார்.

"உங்க தைரியத்துக்கு, பாய்" என்றேன்.

அதன் பிறகு அவர் எதையும் நீளமாகப் பேசவில்லை. கேட்டதற்கு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. களைப்பு என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இப்போது சிங்கப்பூரில் யாரைப் பார்த்தாலும் வழிகாட்ட ஒரு மென்டர் வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். எங்கள் காலத்தில் அடிபட்டுத் தெரிந்துகொண்டதை இவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் கேட்கிறவர்கள் பெரும்பாலும் வாக்கியத்தைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதைச் சொன்னபோது அந்த மனிதரின் முகம் எப்படி இருந்தது? அது வால்பேப்பரில் வராது.

சனிக்கிழமை மத்தியானம் கோப்பிக் கடையிலிருந்து நேரே பாயின் கடைக்குப் போனேன்.

"பாய், அன்னைக்கு ஏன் கை தட்டுறாங்கன்னு கேட்டீங்கல்ல?"

"ஆமா. தைரியத்துக்குன்னீங்க."

"பொய் சொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். நிவேதாவைப் பற்றி, திங்கட்கிழமைச் செய்தியைப் பற்றி, காற்புள்ளியைப் பற்றியும். பாய் கையிலிருந்த துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"அப்ப, தம்பிய வெரட்டிட்டு நான் பெருமை பேசுறேன்னு நெனச்சா தட்டுனாங்க?"

"ஆமா, பாய்."

"ஒரு மாசமா அப்படியே நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

"ஆமா."

"இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருந்திருக்கும் சார். இல்லாட்டி அவ்வளவு சத்தமா தட்ட மாட்டாங்க."

 

துணியை அலமாரியில் வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் புள்ள வீடு எங்க?"

நிவேதாவிடம் கேட்டுக்கொண்டு, ஞாயிறு காலை புக்கிட் பாத்தோக் போனோம். மின்தூக்கியில் ஏறியதும் பாய் சொன்னார்: "உள்ள நீங்க எதுவும் பேசக் கூடாது. நானே பேசிக்கிறேன்."

வீட்டுக் கூடம் முழுக்கப் புடவைகள். நாற்காலிகளில் இருந்ததை எடுத்து அடுக்கிவிட்டு எங்களை உட்காரச் சொன்னாள். ரூபா இன்னும் வந்திருக்கவில்லை. "ஒம்போது மணிக்கு வரச் சொன்னேன். பாருங்க" என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.

பாய் சுற்றி வளைக்கவில்லை. வாசலில் பையோடு நின்ற தம்பியைச் சொன்னார். தான் துணி அளந்ததைச் சொன்னார். கையை ஆட்டியதைச் செய்து காட்டினார் – தலை குனிந்தபடி, ஈ ஓட்டுவதுபோல. நிவேதா முதலில் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஆட்டவில்லை.

"அப்ப அவரை அனுப்பினது தப்புன்னு சொல்றீங்களா, அங்கிள்?"

அவர் ஆமாம் என்று சொல்வார் என நான் எதிர்பார்த்தேன்.

"இல்லம்மா. அவன் கடைக்குச் சரிப்படல. இன்னைக்கு இருந்தாலும் அனுப்பத்தான் செய்வேன். ஆனா அனுப்பறது வேற, விட்டுடறது வேற. அனுப்பறதா இருந்தா நான் எந்திரிச்சுப் போயிருக்கணும். எங்கடா போற, என்னடா செய்யப் போறேன்னு கேட்டிருக்கணும். கப்பலடி வரைக்கும் பையைத் தூக்கியிருக்கணும். நான் மீட்டர் கணக்கு பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

"எனக்கு அவகிட்ட நேர்ல சொல்ல முடியாது அங்கிள். அழுவா."

"அழட்டும். நீயும் அழு. சேந்து ஆரம்பிச்சீங்கல்ல?"

நிவேதா கைத்தொலைபேசியை எடுத்து, திரையைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்ததும் மூச்சு வாங்க நின்றாள் ஒரு பெண். கையில் எண்ணெய் ஊறிய பை, கறிபாப் வாசனை. "சாரிடி... புக்கிட் பாஞ்சாங்ல பஸ்ஸ விட்டுட்டேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் எங்களைக் கவனித்தாள்.

அந்தச் சொல்லைக் கேட்டு மூவரும் அசையாமல் இருந்தோம். பாவம் அந்தப் பெண், ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல விழித்தாள்.

பாய்தான் முதலில் சமாளித்தார். "பஸ்தானம்மா. அடுத்தது வந்துடும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. உடனே எழுந்து, "வாங்க சார், அவங்களுக்கு வேலை இருக்கு" என்றார்.

மின்தூக்கியில் இறங்கி அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வந்தோம். நான் வாயைத் திறக்கவில்லை. பேசக் கூடாது என்ற உத்தரவு இன்னும் அமலில் இருப்பதாக எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை நிவேதாவிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. ‘பேசிட்டோம் அங்கிள். சண்டை, அழுகை எல்லாம் ஆச்சு. தீபாவளி ஆர்டர் முடியும் வரைக்கும் ரூபா இருக்கா. அப்புறம் அவ தனியா தையல் கிளாஸ் எடுக்கப் போறா. ஆரம்பத்துல என் வீட்டுலதான். கடைப் பேரைப் பத்தி இன்னும் பேசல. பயமா இருக்கு.’ காற்புள்ளிகள் எல்லாம் சரியாகவே இருந்தன.

ரூபா அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. தன்னிடம் சொல்வதற்கு முன்பே அந்தச் செய்தியைத் திருத்திக் கொடுத்தவன் என்று அவள் என்னைக் கோபிக்கலாம். அதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

இந்த வியாழக்கிழமை அதே சமூக மன்றத்தில் அடுத்த கூட்டம். ஆரம்பிக்கும் முன் சில நிமிடம் தரும்படி ஏற்பாட்டாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். பாயும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். போன மாதம் நான் ஒரு வாக்கியத்தைத் தவறாகச் சொன்னேன், அது தவறு என்று தெரிந்தே மறைத்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு பாய் சொன்னதை மறுபடியும் மொழிபெயர்த்தேன். இரண்டு வாக்கியத்துக்குப் பதில் ஏழெட்டு வாக்கியம் ஆயிற்று. வாசல், பை, துணி, அந்தக் கை... எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் எனக்கு இலக்கணம்கூடத் தடுமாறியது.

முடித்தபோது யாரும் கை தட்டவில்லை.

இந்த முறை சரியாக மொழிபெயர்த்திருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன்.