கேமராவில் விழாத எருமை

அறுபதுகளின் தொடக்கத்தில் கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். பெரிய கங்காணியின் மகளை எனக்குப் பேசி முடித்து வெற்றிலையும் மாற்றியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, நான் எழுதிய சிறுகதையைப் படமாக்குகிறேன் என்று கொழும்பிலிருந்து ஒரு டைரக்டர் ரயிலேறி வந்து இறங்கினார். வேறொருவனாக இருந்தால் தலைகால் தெரியாமல் குதித்திருப்பான். நானோ அவரை அடுத்த ரயிலிலேயே திருப்பி அனுப்ப வழி தேடினேன்.

காரணம், கதையின் நாயகனே என் வருங்கால மாமனார்தான். சம்பந்தம் பேசுவதற்கு இரண்டு வருடம் முன்பு, புனைபெயருக்குள் பத்திரமாக ஒளிந்துகொண்டு எழுதியது. விடியற்காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் முந்நூறு பேரை ஒரே அதட்டலில் நிறுத்துகிற கங்காணி, வீட்டில் பெண்சாதிக்குப் பயந்து காலில் போட வேண்டிய சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே போகிறார். கதை அவ்வளவுதான். மிச்சத்தை நான் கைச்சரக்காகச் சேர்த்திருந்தேன். ‘கோட்டுப் போட்ட எருமை’ என்ற வரியை எழுதிய அன்று என் முதுகை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

டைரக்டர் மேட்டில் தெரிந்த கங்காணி வீட்டைப் பார்த்தார்.

“படப்பிடிப்புக்கு இந்த வீடுதான்.”

“அது ஒழுகும் சார்.”

“ஒழுகினா இன்னும் நல்லது.”

“அட்டை கடிக்கும் சார்.”

“கேமராவைக் கடிக்காதுல்ல?”

“வட்டவளையில இதவிடப் பெரிய கங்காணி ஒருத்தரு இருக்காரு சார். மீசையே இம்புட்டு!”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “வாத்தியாரே, உங்களுக்குக் காய்ச்சலா?”

உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேத்தண்ணி பாதி சட்டையில் போனது. “பயப்படாம வாங்க” என்றார். பயப்படாமல் இருப்பது எப்படி என்று மட்டும் சொல்லித் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கங்காணி வீடு. அப்போதும் கங்காணி கோட்டோடுதான் உட்கார்ந்திருந்தார். அவர் பெண்சாதி, எனக்கு அத்தையாகப் போகிறவர், கதவுக்குப் பின்னால்.

“தோட்டத்துத் தொர சரின்னுட்டாராம். அது போதாது. என்னா கதன்னு எனக்கு மொதல்ல வாசிங்க,” என்றார் கங்காணி. “எங்காளுகளக் கேவலமாக் காட்டுறதுன்னா இப்பவே ரயில் ஸ்டேசனுக்குப் போயிரலாம்.”

டைரக்டர் காகிதக்கட்டைப் பிரித்தார். நான் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். தேயிலைக்குள் விழுந்தடித்து ஓடினால் மூன்று மணி ரயிலைப் பிடிக்கலாமா என்று மனதுக்குள் கணக்கு. கல்யாணம் போனது போனதுதான், காலாவது மிஞ்சட்டும்.

“கங்காணி எழும்புகிறார். வெளியே பனி. மனைவி விலக்கிப்போட்ட கம்பளியை இழுத்துப் போர்த்திவிடுகிறார். சப்பாத்தைக் கையில் எடுக்கிறார். வெறுங்காலோடு சிமெந்துத் தரையில் நடக்கிறார். வாசலுக்கு வெளியே உட்கார்ந்து போட்டுக்கொள்கிறார்.”

எருமையைக் காணோம். இரண்டாம் பக்கத்திலும் காணோம். கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தேன். பத்திரிகையிலிருந்து வெட்டிக் காகிதத்தில் ஒட்டியிருந்த என் கதையில், கங்காணி செய்தவை மட்டும் உயிரோடிருந்தன. அவரைப் பற்றி நான் நினைத்தவை எல்லாம் பென்சிலால் அடிபட்டுக் கிடந்தன. ‘அவள் எழும்பித் திட்டிவிடுவாளோ என்று’ கம்பளியைப் போர்த்தினார் என எழுதியிருந்தேன். அந்த ‘என்று’ வரை அடித்துவிட்டு, கம்பளியை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார் மனிதர். வேறெப்போதாவது யாராவது என் வரியில் கைவைத்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்றைக்கு அந்தப் பென்சிலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

வாசித்து முடிந்தது. கங்காணி தொண்டையைச் செருமினார்.

“செமந்துல சப்பாத்து டக்கு டக்குன்னு கேக்கும். அவ தூங்கட்டுமேன்னுதான்...” என்று இழுத்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “நான் எங்க தூங்குனேன்? இத்தன வருசமா முழிச்சுக்கிட்டுத்தான் கெடக்கேன். கண்ணத் தொறந்தா மனுசன் வெக்கப்படுவாருன்னு மூடிக்கிட்டுக் கெடக்கேன்.”

பெரட்டுக் களத்தையே நடுங்க வைக்கிற மனிதர் காது வரை சிவந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது பயம் என்று நான் மூன்று பக்கம் எழுதியிருந்தேன்.

“எழுதுனது யாரு?” என்றார், திரும்பாமலே.

டைரக்டர், பாவி மனுசன், தாடையால் என்னைக் காட்டினார்.

“வாத்தியார் தம்பியா! எங்க வீட்டுக்குள்ள எட்டிப் பாத்தீகளா?”

“ஐயோ, இல்ல மாமா. லயத்து வீடுகள்ல ஆளுக பேசிக்கிட்டாங்க...”

“எல்லாருக்கும் தெரியுமா?”

“பெருமையாத்தான் பேசிக்கிட்டாங்க மாமா.” அன்றைய முதல் பொய் அது.

“விடுங்க,” என்றார் அத்தை. “பொண்டாட்டி தூக்கத்தக் கெடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்ச பய. நம்ம புள்ளைக்கு இதவிட என்னா வேணும்?”

கங்காணி சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். “ஆளுகளக் கூட்டியாந்து புடிங்க படத்த,” என்று டைரக்டரிடம் சொன்னார். தட்டில் வந்த வடையில் நாலை நான் ஒருவனே தின்றேன். காலையிலிருந்து பச்சைத்தண்ணி இறங்கவில்லை.

கிளம்பும்போது கங்காணி என் தோளில் கை வைத்தார். “தம்பி, அந்தக் கத அச்சுல வந்த பேப்பரு ஒன்னு...”

“மழையில நனைஞ்சு போச்சு மாமா!” என்றேன், அவர் கேட்டு முடிப்பதற்குள்.