அண்ணையின் நுளம்பு வலை

பக்கத்து வீட்டுக்காரர் தன் மக்னோலியாக் கன்றைச் சில்வண்டுகள் கீறாதபடி வலையால் மூடிக்கொண்டிருந்தார். நான் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தொண்ணூறுகளில், ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய இந்தப் பனிநாட்டு வில்லரேயில், எங்கள் பின்வளவிலும் ஒரு மக்னோலியாக் கன்று நின்றது. யாழ்ப்பாணத்தில் விசாவுக்காகக் காத்திருந்த அண்ணையின் பெயர் சொல்லி அம்மா நட்டது. ஓகஸ்டில் சில்வண்டுகள் முட்டையிட இளங்கொப்புகளைக் கீறத் தொடங்கின. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த நுளம்பு வலையை எடுத்துக் கன்றின்மேல் போர்த்தினார். அண்ணையும் நானும் இரவில் நுளம்புக் கடிக்குத் தப்பி உள்ளே படுத்த வலை. அவருடைய தலையெண்ணெய் மணம் அதில் இன்னும் இருந்தது.

"எப்பம்மா கழட்டுறது?" என்று கேட்டேன்.

"அவன் வந்து தன்ர கையால அவிழ்க்கட்டும்" என்றபடி அடித்தண்டோடு இறுக்கிக் கட்டினார்.

ஒக்டோபரில், ஷெல்லடியில் அண்ணை செத்துப்போனார் என்று தொலைபேசி வந்தது. அதன்பிறகு யாரும் பின்வளவுப் பக்கம் போகவில்லை. முதல் பனி வலைமேல் ஈரமாய்க் குவிந்து, கன்றை நடுவில் முறித்துப்போட்டது. அம்மா முறிந்த கன்றைத் தொடவில்லை. வலையை மட்டும் அவிழ்த்துவந்து, தோய்க்காமல் மடித்து வைத்தார்.

"பனிக்கு முன் கழற்றிவிடுங்கள்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பிரெஞ்சில் சொன்னேன்.

"அதற்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறதே!" என்று சிரித்தார்.

அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தார்.